ஆறாவது அம்பைப் பாருங்கள்

முதல் மூன்று அம்பும் உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. நான்காவது கொஞ்சம் இறங்கியது. ஐந்தும் ஆறும் இலக்குப் பலகையின் அடியோரத்தில் போய்க் குத்திக்கொண்டு நின்றன. தூரம் வெறும் 15 மீட்டர். “அம்பு செட் ஆகல சார், வேற ஸ்பைன்ல வாங்கணும்போல” என்றார் மாணவர். ஸ்பைன் என்பது அம்புத் தண்டின் விறைப்பு. கையில் புத்தம்புது ரிகர்வ் வில், நுனிகள் முன்னோக்கி வளைந்தது. வில்லின் வளையும் பகுதியான லிம்பில் 45 பவுண்டு என்று எழுதியிருந்தது.

எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று வாய்வரை வந்தது. சொல்லவில்லை. ஆசையாகக் காசு கொடுத்து வாங்கிய வில்லோடு நிற்கிறவரிடம் பழமொழி எடுபடாது. ஆறு அம்பின் தண்டிலும் ஒரே அளவில் வெள்ளை டேப்பைச் சுற்றினேன். முழுதாக இழுத்ததும் அந்த டேப் வில்லின் முன்விளிம்புக்கு நேராக வந்து நிற்க வேண்டும். பக்கவாட்டில் நின்று அவருடைய போனிலேயே வீடியோ எடுத்தேன். முதல் அம்பில் டேப் விளிம்பைத் தொட்டது. ஆறாவதில் இரண்டு விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டது. நாணை விடுவதற்குச் சற்று முன் இன்னும் கொஞ்சம் முன்னே நழுவவும் செய்தது. அவர் அதை நான்கு முறை ஓட்டிப் பார்த்தார். “நான் ஃபுல்லா இழுத்த மாதிரிதானே இருந்துச்சு!”

எல்லோருக்கும் அப்படித்தான் இருக்கும். லிம்பில் போட்டிருக்கும் எடை, அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் விசை, 28 அங்குல இழுப்புக்கானது. ஓர் அங்குலம் குறைந்தால் சுமார் 2 முதல் 3 பவுண்டு குறைந்துவிடும். அப்படியானால் அவருடைய ஆறாவது அம்பு ஏறத்தாழ 41 பவுண்டில் போயிருக்கிறது. அம்புக்கு அம்பு வில்லை மாற்றிக்கொண்டே இருந்தால் அம்பெல்லாம் ஒரே இடத்தில் குரூப்பாக எங்கிருந்து சேரும்?

காம்பவுண்ட் வில்லில் முழு இழுப்பில் நுனியிலுள்ள கேம் என்ற சக்கரம் சுழன்று எடையின் பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஒலிம்பிக் ரிகர்வில் அம்பு சரியான அளவுக்கு வந்ததும் கிளிக்கர் என்ற சிறு தகடு ‘டக்’கென்று சொல்லிவிடும். இந்த மாணவருடையதுபோன்ற பாரம்பரிய வில்லில் இரண்டும் கிடையாது. எந்த இடத்தில் நிதானமாகக் குறி பார்க்க வேண்டுமோ, சரியாக அந்த இடத்தில்தான் வில் ஆகக் கனமாக இருக்கும். அதனால்தான் வருகிறவர்களிடம் முதலில் வில்லின் எடையைக் குறைக்கச் சொல்கிறேன். பெரும்பாலானவர்களுக்கு முகம் சுருங்கிவிடும்.

“அந்தக் காலத்துல 100 பவுண்டு இழுத்தாங்களே சார்” என்ற கேள்வி தவறாமல் வரும். இழுத்தார்கள், உண்மைதான். 1545இல் மூழ்கி 1982இல் வெளியே எடுக்கப்பட்ட மேரி ரோஸ் என்ற இங்கிலாந்துப் போர்க்கப்பலில் கிடைத்த நீள்விற்களில் பலவற்றை 100 பவுண்டுக்கு மேல் மதிப்பிடுகிறார்கள். அதே கப்பலில் கிடைத்த எலும்புக்கூடுகளில், வளரும் வயதிலேயே ஒன்றாகச் சேர்ந்துவிட வேண்டிய தோள் நுனி எலும்பு சேராமல் இருந்தது வழக்கத்தைவிட அதிகம். சிறு வயதிலிருந்தே வில் இழுத்ததன் தடயமாக அதைப் பார்க்கிறார்கள். அந்த வில்லும் அவர்கள் கைக்கு ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1549இல் அரசர் ஆறாம் எட்வர்டின் முன் பேசிய ஹ்யூ லாட்டிமர் என்ற பாதிரியார், தன் அப்பா தன் வயதுக்கும் வலுவுக்கும் ஏற்ற வில்லாகப் பார்த்து வாங்கிக் கொடுத்ததையும், வலு ஏற ஏற வில்லும் பெரிதானதையும் சொல்லியிருக்கிறார். கைவலுவால் இழுக்காமல் உடம்பையே வில்லுக்குள் கிடத்தக் கற்றதாகவும் சொன்னார். நான் ஒரு மாதம் தொண்டை வறளச் சொல்லிக் கொடுப்பதை மனிதர் ஒரு வரியில் முடித்துவிட்டார்.

உடம்பைக் கிடத்துவது என்றால் என்ன? நாண் கையின் முழங்கையைப் பாருங்கள். அது அம்பின் கோட்டுக்கு வெளியே துருத்திக்கொண்டிருந்தால் எடையைச் சுமப்பது புஜம். புஜம் சீக்கிரம் களைத்துவிடும். முழங்கை அம்பின் நீட்சிபோலப் பின்னால் போய்ச் சேரும்போது தோள்பட்டை எலும்பு முதுகெலும்பை நோக்கி நகரும். சுமை முதுகுக்கு மாறும். அங்கே நகர்ச்சி தெரிகிறதா என்று நான் முதுகில் இரண்டு விரலை வைத்துப் பார்ப்பதுண்டு. வில் கைத் தோள் காதை நோக்கி ஏறினாலும் கணக்கு கெட்டது. கனமான வில்லில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும். தோளின் முன்பக்கத்தில் சுரீரென்று வலித்தால் அன்றைக்கு வில்லைக் கீழே வைத்துவிடுங்கள். இரவில் அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள்.

ஆங்கர், அதாவது முழுதாக இழுத்த கை முகத்தில் வந்து நிற்கும் இடம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆள்காட்டி விரலோ நடுவிரலோ, வாயோரத்தில் தினமும் ஒரே இடத்தைத் தொட்டால் போதும்.

வில் சரியான எடைதானா என்று பார்க்க நான் வைத்திருக்கும் அளவுகோல் எளிது. அம்பைப் பூட்டி, பலகையை நோக்கியே முழுதாக இழுத்து, மனதுக்குள் எட்டு எண்ணிவிட்டு மெதுவாக இறக்குங்கள். ஐந்திலேயே டேப் முன்னே நகர்ந்தால் வில் கனம். அம்பு இல்லாமல் நாணை மட்டும் இழுத்து விட்டுவிடாதீர்கள். அம்புக்குப் போக வேண்டிய விசை லிம்பையே திருப்பி அடிக்கும், விரிசல் விடும்.

கனமான வில்லோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இன்னொரு வியாதியும் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. ஆங்கருக்கு வந்து சேர்வதற்குள் விரல் தானாகத் திறந்துவிடும். ஜப்பானிய வில்வித்தையான கியூடோவில் இதற்கு ஹயாகே என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். நாம் டார்கெட் பேனிக் என்கிறோம். கண்ணுக்கு எதிரே இலக்கு இருக்கும்வரை இது சரியாகாது. பலகையிலிருந்து இலக்குத் தாளைக் கிழித்துவிட்டு, 3 மீட்டரில் நின்று, பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு எய்யச் சொல்வேன். சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு 30 அம்பு போதும். நூறு எய்தால், களைத்த பிறகு எய்த எழுபதும் தவறான பழக்கத்துக்கான பயிற்சி.

அந்த மாணவருக்கு 28 பவுண்டு லிம்ப் மாட்டிக் கொடுத்து மூன்று மாதம் ஆகிறது. 45 பவுண்டு லிம்ப் உறைக்குள் இருக்கிறது. போன வாரம், “32க்குப் போலாமா சார்?” என்று கேட்டார். ஆறாவது அம்பின் வீடியோவை அனுப்புங்கள் என்றேன். பதினெட்டாவது அம்பை அனுப்பியிருந்தார். டேப் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நின்றது.