பழைய நீர் ஆலையை அருங்காட்சியகமாக்க என்னென்ன அனுமதிகள் வேண்டும்? இங்கிலாந்து விதிகள்

இங்கிலாந்துக் கிராமங்களில் ஆற்றோரமாக நிற்கும், தண்ணீரால் இயங்கிய பழைய மாவு ஆலைகள் பலவும் அரசின் பாதுகாப்புப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியலில் ஏறியதாலேயே பணம் வந்துவிடாது. முதலில் வருவது கட்டுப்பாடுதான்.

ஒரு கட்டடத்தைப் பட்டியலில் சேர்க்கக் கோரி யாரும் விண்ணப்பிக்கலாம். வரலாற்றுக் கட்டடங்களைக் கவனிக்கும் ஹிஸ்டாரிக் இங்கிலாந்து அமைப்பு ஆராய்ந்து பரிந்துரைக்கும். முடிவு பண்பாட்டுத் துறை அமைச்சருடையது. 1700-க்கு முன் கட்டப்பட்டு, பழைய வடிவம் பெரிதும் குலையாமல் இருந்தால் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

பட்டியலில் உள்ள கட்டடங்களைக் காக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் சுவரோடும் கூரையோடும் நிற்பதில்லை. கட்டடத்தில் பொருத்திய நீர்ச்சக்கரம், பல்சக்கரங்கள், அரைக்கும் கற்கள் எல்லாம் அதில் அடக்கம். தேய்ந்த மரப்பல்லை எடுத்துவிட்டு, அதே மரத்தில், அதே அளவில் செதுக்கிச் செருகினால் அது பழுதுபார்ப்பு; பொதுவாக அனுமதி தேவையில்லை. பார்வையாளர்களுக்குப் படிக்கட்டு வைக்க மரத்தளத்தை அறுத்தால் உள்ளாட்சியின் அனுமதி வேண்டும். விண்ணப்பக் கட்டணம் கிடையாது. ஆனால் அனுமதியில்லாமல் கை வைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதத்துக்கு உச்சவரம்பும் இல்லை.

பலர் கோட்டைவிடுவது தண்ணீரில். சக்கரத்தைச் சுற்றவிடாமல் காட்சிக்கு மட்டும் வைத்தால் சிக்கல் குறைவு. சுற்ற வேண்டுமென்றால், ஆற்றிலிருந்து வாய்க்காலில் திருப்பும் தண்ணீர் நாளொன்றுக்கு 20 கன மீட்டரைத் தாண்டும்போது சுற்றுச்சூழல் முகமையின் உரிமம் பொதுவாகத் தேவை. நொடிக்கு 100 லிட்டர் பாயும் சிறு சக்கரம் மூன்றரை நிமிடத்துக்குள் இந்த அளவைத் தொட்டுவிடும். அத்தனை தண்ணீரும் ஆற்றுக்கே திரும்பினாலும் விதி மாறாது. போதாக்குறைக்கு, விலாங்கு மீன்களுக்கான 2009 விதிகளின்படி அவை கடந்து செல்ல வழி அமைக்கும்படியும் முகமை உத்தரவிடலாம். மதகைப் பழுதுபார்க்குமுன் முகமையிடம் பேசிவிடுவது நல்லது.

பணத்துக்கு முக்கிய வாசல் தேசிய லாட்டரி பாரம்பரிய நிதி: 10,000 பவுண்டு முதல் 1 கோடி பவுண்டு வரை மானியம் தரும். பழைமை மட்டும் போதாது. மக்களுக்கு என்ன பயன் என்று காட்ட வேண்டும். அருங்காட்சியகத் தரச்சான்று, கலைகளுக்கு அரசு நிதி வழங்கும் ஆர்ட்ஸ் கவுன்சிலின் திட்டம், கட்டாயமில்லை.

பர்மிங்ஹாமின் சேர்ஹோல் ஆலை 1969-இல் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. அதைப் போல மாவு அரைத்து விற்கும் எண்ணமிருந்தால், விற்பனைக்கு 28 நாட்களுக்கு முன்பே உள்ளாட்சியில் உணவுத் தொழிலாகப் பதிய வேண்டும், இலவசம். 2026 டிசம்பர் முதல் முழுக்கோதுமை மாவு தவிர்த்த மற்றக் கோதுமை மாவில் ஃபோலிக் அமிலம் சேர்ப்பது கட்டாயமாகிறது. ஆண்டுக்கு 500 டன்னுக்குக் குறைவாக அரைக்கும் சிறு ஆலைகளுக்கு அதிலிருந்து விலக்கு உண்டு.