வியர்க்கும் பானையின் ஊர்

தெற்கு எகிப்தின் கெனா மாகாணத்தில் நல்ல பானை என்றால் அது வியர்க்க வேண்டும். கோடைப் பகலில் வெயில் 40 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தாண்டும் ஊர் அது. மழையைக் காணாமலேயே ஆண்டுகள் கழியும். ஃபிரிட்ஜ் வரும்வரை அங்கே தண்ணீரைக் குளிரவைத்தது மண்தான். கழுத்து ஒடுங்கிய கூஜாவுக்கு அரபியில் குல்லா என்று பெயர். வாசலில் தாங்கியின் மேல் நிற்கும் பெரிய சாடி ஜீர். பெண்கள் ஆற்றில் மொண்டு தலையில் சுமந்து வந்த குடம் பல்லாஸ்.

அந்த மண் எங்கிருந்து வந்தது என்று தெரிய, நைல் போகும் வழியைப் பார்க்க வேண்டும். வடக்கு நோக்கியே ஓடிவரும் ஆறு, லக்சரைத் தாண்டியதும் வடகிழக்கே சாய்கிறது. கெனா நகரத்தில் மேற்கே திரும்பி, நாக் ஹம்மாதி பக்கம் தென்மேற்காக இறங்கி, அதன் பிறகுதான் பழைய திசைக்கு வருகிறது. இந்தப் பெரிய வளைவின் இரு கரையிலும் ஒட்டிக் கிடக்கும் பச்சைப் பட்டைதான் மாகாணம். கரும்புதான் முக்கியப் பயிர். கூஸ், திஷ்னா, நாக் ஹம்மாதி ஊர்களில் சர்க்கரை ஆலைகள் இருக்கின்றன. பச்சை முடியும் இடத்தில் சுண்ணாம்புப் பாறையும் பாலைவனமும் தொடங்கிவிடும்.

எகிப்தியக் குயவர்கள் காலங்காலமாக இரண்டு வகை மண்ணைப் புழங்கி வந்திருக்கிறார்கள். ஒன்று நைல் வண்டல், சுட்டால் சிவக்கும். மற்றொன்று பாலைவன விளிம்பில் வெட்டியெடுக்கும் சுண்ணாம்பு கலந்த களிமண். சுட்டால் வெளிறி, சந்தன நிறத்துக்கு வரும். கெனாவுக்குப் பேர் வாங்கித் தந்தது இரண்டாவது மண். மேற்குக் கரையிலுள்ள பல்லாஸ் என்ற இடத்தின் பெயரே குடத்துக்கும் பெயராகிவிட்டது. 1970-இல் அஸ்வான் பேரணை கட்டி முடிந்தபின் ஆண்டுதோறும் வந்த வண்டல் அணைக்குப் பின்னாலேயே தங்கிவிட்டது. இந்தக் களிமண்ணை ஆறு கொண்டுவரவில்லை என்பதால் அது தப்பியது.

சரி, பானை எப்படிக் குளிர்விக்கிறது? சுட்ட மண்ணின் சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் ஏராளம். உள்ளே இருக்கும் நீர் அவற்றின் வழியே மெல்லக் கசிந்து வெளிப்புறத்தை ஈரமாக்குகிறது. வறண்ட காற்று அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. ஒரு கிராம் நீர் ஆவியாவதற்கு ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். அதில் பெரும்பகுதி பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும்தான் போகிறது. ஒரு கிராம் நீரின் சூட்டை ஒரு டிகிரி குறைக்க 4.2 ஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். பத்து லிட்டர் பிடிக்கும் பானையில் வெறும் 200 மில்லி ஆவியானால், மீதி நீர் கணக்குப்படி 11 டிகிரிக்கு மேல் குளிர வேண்டும். வெளியிலிருந்து உள்ளே புகும் சூடு இதில் ஒரு பங்கைக் கழித்துவிடும்.

இதற்கு ஓர் எல்லையும் உண்டு. காற்றில் ஏற்கெனவே ஈரம் இருந்தால் வியர்வை காயாது. 40 டிகிரி வெயிலில் காற்றின் ஈரப்பதம் 20 சதவீதமாக இருந்தால், பானை நீர் 23 டிகிரியை நெருங்கும்வரை குளிர இடமுண்டு. அதே பானையைக் கடலோர அலெக்சாண்டிரியாவில் வைத்தால் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிடும். கெனாவின் வறட்சிதான் கெனா பானையின் பலம்.

இந்த மாகாணத்தின் பானைகள் காலத்தையும் அளந்து காட்டியிருக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த கதை இது. 1894-95-இல் ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி நகாதாவிலும் பல்லாஸிலும் ஆயிரக்கணக்கான பழைய கல்லறைகளைத் தோண்டினார். எழுத்து இல்லை, அரசர் பெயர் இல்லை. பானைகள் மட்டுமே இருந்தன. எந்தக் கல்லறை முந்தியது, எது பிந்தியது? ஒவ்வொரு கல்லறைக்கும் ஓர் அட்டைச் சீட்டு எழுதி, அதில் கிடைத்த பானை வகைகளைக் குறித்தார். ஒத்த வகைகள் பக்கத்துப் பக்கத்தில் வரும்படி சீட்டுகளை மாற்றி மாற்றி அடுக்கினார். அவருக்குத் துப்புக் கொடுத்தது ஒரு கைப்பிடி. முதலில் பிடித்துத் தூக்கும் அளவுக்கு அலையலையாகப் புடைத்திருந்த கைப்பிடி, போகப் போகச் சிறுத்து, கடைசியில் பானையைச் சுற்றிய வெறும் கோடாகிப் போயிருந்தது. வரிசைக்கு 30-இலிருந்து எண் கொடுத்தார். இன்னும் பழையது கிடைத்தால் என்ன செய்வது என்று முன் எண்களைக் காலியாக விட்டுவைத்தார். பின்னர் அவற்றைவிடப் பழைய பதாரிப் பண்பாடு வெளிப்பட்டபோது, அந்தக் காலி இடத்தில்தான் அது போய் உட்கார்ந்தது.

1945-இல் நாக் ஹம்மாதி அருகே உர மண் தோண்டிய குடியானவர்கள் கண்டெடுத்ததும் ஒரு சாடிதான். அதற்குள் பழைய எகிப்திய மொழியின் பிந்தைய வடிவமான காப்டிக்கில் எழுதிய 12 பாப்பிரஸ் (நாணல் தாள்) சுவடிகளும், 13-ஆவது ஒன்றின் சில ஏடுகளும் இருந்தன. ஈரமே இல்லாத மணலில் அவை சுமார் 1,600 ஆண்டுகள் கெடாமல் கிடந்தன.

ஆற்றின் வளைவு செய்த இன்னொரு காரியம் நம்மையும் தொடுகிறது. கிழக்கே வளைவதால் நைல் இங்கே செங்கடலை நெருங்குகிறது; கெனாவிலிருந்து சஃபாகா துறைமுகம் ஏறத்தாழ 160 கிலோமீட்டர்தான். பழங்காலத்தில் கோப்டோஸ் எனப்பட்ட கிஃப்த் ஊரிலிருந்து செங்கடலின் மயோஸ் ஹோர்மோஸ் துறைக்கு ஒட்டகத்தில் ஆறேழு நாள் பயணம் என்கிறார் பழங்காலக் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ. சேர நாட்டு முசிறியிலிருந்து கப்பலில் வந்த சரக்கு பாலைவனத்தைக் கடந்து கோப்டோஸில் இறங்கி, அங்கிருந்து நைல் வழியே அலெக்சாண்டிரியா போனதை வியன்னாவிலுள்ள பாப்பிரஸ் ஒப்பந்தம் ஒன்று சொல்கிறது.

மயோஸ் ஹோர்மோஸ் துறை இருந்த குசைர் அல்-காதிமில் கிடைத்த ஒரு பானை ஓட்டில் தமிழ்ப் பிராமி எழுத்து இருந்தது. ஐராவதம் மகாதேவன் அதை ‘பானை ஒறி’ என்று படித்தார். ஒறி என்பது நம் உறி, பானையைத் தொங்கவிடும் கயிற்று வலை. எழுதியவர் அதில் எதை வைத்திருந்தாரோ! தண்ணீராக இருந்திருந்தால், அந்த வறண்ட கரையில் உறியைவிட நல்ல இடம் அதற்கு அமைந்திருக்காது. தொங்கும் பானையின் அடியிலும் காற்றுப் படும்.