புதுசு வந்தா பழசு விலை இறங்குமா?

போன மாதம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம், நாற்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் மகனோடு கடைக்கு வந்தார். பையன் ஒன்பதாவது படிக்கிறான். அப்பா போனை என் பக்கம் திருப்பினார். யாரோ விற்பனைக்குப் போட்டிருந்த ஒரு பி.எஸ்.4, அதாவது டிவியில் மாட்டி விளையாடும் சோனியின் பிளேஸ்டேஷன் 4 கேம் பெட்டி.

"சார், பி.எஸ்.5 வந்தே இத்தனை வருஷம் ஆச்சு. அடுத்ததும் வரப்போகுதுன்னு பையன் சொல்றான். இன்னும் ஆறு மாசம் பொறுத்தா இதெல்லாம் பாதி விலைக்கு வந்துடாது?"

ஆறு மாதம் என்றதும் பையன் முகம் தொங்கிவிட்டது.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் பதினெட்டு வருடமாக கேம் கன்சோல் பழுது பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்தக் கேள்வி வராத வாரமே கிடையாது. முன்பெல்லாம் யோசிக்காமல் பதில் சொல்வேன்: "பொறுங்க சார், கண்டிப்பா குறையும்." இப்போது அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. பழைய கணக்கு எப்படி ஓடியது, ஏன் நின்றது என்று அவரிடம் சொன்னதையே இங்கேயும் எழுதிவைக்கிறேன்.

என் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் இரண்டு பி.எஸ்.2 இருக்கின்றன. ஒன்று முதலில் வந்த குண்டு மாடல். தூக்கினால் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்கும். இன்னொன்று 2004இல் வந்த ஸ்லிம், ஒரு கிலோகூட வராது. இரண்டையும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவருக்குக் காட்டினேன். குண்டு மாடலில் கணக்குப் போடும் சிப் தனி, படம் வரையும் சிப் தனி. அவற்றுக்குமேல் சூட்டை இழுத்து வெளியேற்றும் பெரிய உலோகத் தகடான ஹீட்சிங்க், உள்ளேயே பவர் சப்ளை, பின்னால் ஹார்ட் டிஸ்க் மாட்ட ஓர் இடம். ஸ்லிம்மில் அந்த இரண்டு சிப்பும் ஒன்றாகிவிட்டன. சூடு குறைந்ததால் ஹீட்சிங்க் சுருங்கிவிட்டது, பவர் சப்ளை வெளியே போய்விட்டது, ஹார்ட் டிஸ்க் இடத்தையே காணோம். ஆனால் இரண்டிலும் ஓடுவது அதே கேம்கள்தான்.

சிப் தயாரிக்கும் சிலிக்கன் தகடு ஒரு தட்டு மைசூர்பாகு மாதிரி. துண்டைச் சின்னதாகப் போட்டால் அதே தட்டில் எண்ணிக்கை கூடும், ஒரு துண்டின் அடக்க விலை இறங்கும். சில வருடத்துக்கு ஒருமுறை துண்டு போடும் கத்தி கூர்மையாகிக்கொண்டே வந்தது. அதனால்தான் அமெரிக்காவில் 2000இல் 299 டாலருக்கு இறங்கிய பி.எஸ்.2 2002இல் 199, 2004இல் 149, 2006இல் 129, 2009இல் 99 டாலர் என்று படிப்படியாக இறங்கியது. நடுவில் 2006 கடைசியில் பி.எஸ்.3 வந்தும் பழசு சாகவில்லை. நம் ஊர் மாதிரி இடங்களில் அதற்குப் பிறகுதான் அது வீடு வீடாகப் போனது. கபடி விளையாடும் பி.எஸ்.2 கேம்கூட இந்தியாவில் 2009இல் வந்தது. உற்பத்தியை 2013 தொடக்கத்தில்தான் நிறுத்தினார்கள். மொத்தம் விற்றது 16 கோடிக்கு மேல்.

பொறுத்தவர் ஜெயித்த காலம் அது. ஆனால் அப்போதும் எல்லா விலைக் குறைப்பும் ஒரே ஜாதி இல்லை.

சேகா என்ற ஜப்பான் நிறுவனத்தின் டிரீம்காஸ்ட் கன்சோல் 1999 செப்டம்பரில் அமெரிக்காவில் 199 டாலருக்கு வந்தது. ஒன்றரை வருடம்கூட ஆகவில்லை, 2001 ஜனவரி கடைசியில் "இனி கன்சோல் செய்ய மாட்டோம்" என்று சேகா அறிவித்தது. உடனே விலை 99 டாலர். அதன்பிறகு இன்னும் கீழே. சிப் மலிவானதால் வந்த விலை இல்லை இது, கடை மூடும் விலை. வாங்கியவர்களுக்கு அருமையான கேம்கள் கிடைத்தன, மறுக்கவில்லை. ஆனால் புதிய கேம்கள் வருவது சீக்கிரமே வற்றிவிட்டது.

நின்டெண்டோவின் கையடக்க கன்சோலான 3டிஎஸ் கதை வேறு மாதிரி. 2011 மார்ச்சில் அமெரிக்காவில் 250 டாலர். விற்பனை படுத்துவிட்டது. ஆகஸ்ட் மாதம் 170 டாலர் ஆக்கிவிட்டார்கள். ஐந்தே மாதத்தில் 80 டாலர்! முதல் நாள் வரிசையில் நின்று வாங்கியவர்களைச் சமாதானப்படுத்த 20 பழைய கேம்களை இலவசமாகக் கொடுத்தார்கள். நிறுவனத் தலைவர் சடோரு இவாட்டா தன் சம்பளத்தைப் பாதியாகக் குறைத்துக்கொண்டார்.

பி.எஸ்.3 விஷயத்தில் விலையோடு சேர்த்துச் சில வசதிகளும் போயின. 2006இல் 60 ஜிபி மாடல் 599 டாலர். அதைப் பிரித்து அலசிய ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம், ஒன்றைச் செய்யவே சுமார் 840 டாலர் ஆகிறது என்று கணக்குச் சொன்னது. அதாவது ஒவ்வொரு பெட்டியையும் நஷ்டத்துக்கு விற்றுவிட்டு, கேம் விற்பனையில் மெல்ல மெல்ல எடுத்துக்கொள்வது. மறு வருடம் 399 டாலருக்கு 40 ஜிபி மாடல் வந்தது. பி.எஸ்.2 டிஸ்க் அதில் ஓடாது. நான்கு யுஎஸ்பி துளைகள் இரண்டாகிவிட்டன, மெமரி கார்டு துளைகளும் இல்லை. "விலை குறைஞ்சிருக்கு" என்று சந்தோஷமாக வாங்கிவந்து, வீட்டில் இருந்த பழைய டிஸ்க் கட்டை என்ன செய்வது என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் 360 கன்சோல் பற்றி ஒரு வாக்குமூலம் சொல்ல வேண்டும். பவர் பொத்தானைச் சுற்றி மூன்று சிவப்பு விளக்கு எரிந்தால் பெட்டி போச்சு என்று அர்த்தம். அந்தப் பழுது எவ்வளவு பெரிய தலைவலி என்றால், 2007 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வாரண்டியை மூன்று வருடமாக நீட்டி, அதற்கென்று 100 கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. மறு மாதமே விலையையும் குறைத்தார்கள். சூடு குறைந்த புதிய சிப் வைத்த பெட்டிகள் அந்த வருடக் கடைசியில்தான் கடைக்கு வர ஆரம்பித்தன. விலை குறைந்த அன்றே ஓடிப்போய் வாங்கியவர் கையில் கிடைத்தது பழைய சிப் வைத்த சரக்குதான்.

வாக்குமூலம் இதுதான்: தொழிலுக்கு வந்த புதிதில் அந்தச் சிவப்பு விளக்குப் பெட்டிகளை ஹீட் கன் (சூடான காற்று அடிக்கும் கருவி) வைத்துச் சூடு காட்டித் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். உயிர் வரும். வாடிக்கையாளர் கைகுலுக்கிவிட்டுப் போவார். ஒன்றிரண்டு மாதத்தில் அதே பெட்டி அதே விளக்கோடு திரும்பி வரும். சிலர் வீட்டிலேயே துண்டைச் சுற்றி ஓடவிட்டுச் சூடேற்றிப் பார்த்தார்கள். (தயவுசெய்து எந்தப் பெட்டிக்கும் அதைச் செய்யாதீர்கள்.) இப்படி "உயிர் கொடுத்த" பெட்டிகள்தான் செகண்ட் ஹேண்டில் அதிகம் சுற்றும். வாங்குபவருக்கு விலை தெரியும், நோய் தெரியாது.

சரி, இப்போதைய நிலைமைக்கு வருவோம்.

பி.எஸ்.4 அமெரிக்காவில் 2013இல் 399 டாலர், 2016இல் ஸ்லிம் வந்தபோது 299. அங்கேயே நின்றுவிட்டது. 2020 நவம்பரில் பி.எஸ்.5 வந்தபோதும் பி.எஸ்.4இன் அதிகாரபூர்வ விலை அதே 299தான். பி.எஸ்.5 கதை இன்னும் மோசம். இந்தியாவில் 2021 பிப்ரவரியில் 49,990 ரூபாய்க்கு வந்தது. வயதாக ஆக இறங்க வேண்டியது, 2022 நவம்பரில் 54,990 ஆனது. அமெரிக்காவில் 499 டாலராக இருந்ததை 2025 ஆகஸ்டில் 549 ஆக்கினார்கள். எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எக்ஸ் அதே வருடத்தில் இரண்டு தடவை ஏறியது. இதில் எனக்கே நம்ப முடியாதது நின்டெண்டோதான். 2025 ஜூனில் சுவிட்ச் 2 வந்தது. இரண்டு மாதம் கழித்து, எட்டு வயதான பழைய சுவிட்சின் விலையை அமெரிக்காவில் 299இலிருந்து 339 டாலராக உயர்த்தினார்கள். புதுசு வந்த பிறகு பழசு விலை ஏறியது!

மைசூர்பாகு கணக்கு மாறிவிட்டது, அதுதான் முக்கியக் காரணம். துண்டு இன்னும் சின்னதாகத்தான் ஆகிறது. ஆனால் அந்தக் கத்திக்கான கூலி எகிறிவிட்டது, அதனால் துண்டு விலை முன்புபோல் இறங்குவதில்லை. அப்புறம் அமெரிக்காவின் இறக்குமதி வரி, பணவீக்கம், செயற்கை நுண்ணறிவுக்கான டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிக்கொண்டு போவது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்துகொண்டது.

இப்போது நீங்கள் பார்க்கும் தள்ளுபடி பெரும்பாலும் விலைக் குறைப்பு இல்லை, சில நாள் சலுகை. 2023 ஜூலை கடைசியில் இந்தியாவில் பி.எஸ்.5க்கு 7,500 ரூபாய் குறைத்தார்கள். இரண்டு வாரம்தான். அக்டோபரில் ஸ்லிம் மாடலை அறிவித்தார்கள். கிடங்கைக் காலி செய்யும் சலுகை என்றுதான் நான் நினைக்கிறேன். அதில் தப்பில்லை, வாங்கியவருக்கு லாபமே. ஸ்லிம் நம் ஊருக்கு வந்தபோது பழைய 54,990தான் விலை. ஆகவே வாங்குவதென்று முடிவு செய்துவிட்டால் இந்த மாதிரிச் சலுகையைப் பிடியுங்கள். நிரந்தரமாகக் குறையும் என்று காத்திருக்காதீர்கள்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அவர், "அப்ப இந்த செகண்ட் ஹேண்ட் பி.எஸ்.4?" என்றார்.

பையனிடம் என்ன விளையாடப் போகிறாய் என்று கேட்டேன். ஃபுட்பால், கிரிக்கெட், அப்புறம் ஜிடிஏ 6 என்றான். முதல் இரண்டுக்கும் பி.எஸ்.4 போதும். ஜிடிஏ 6 பி.எஸ்.5க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரீசுக்கும்தான் அறிவித்திருக்கிறார்கள். பழசு வாங்கும்போது எல்லோரும் பெட்டியின் விலையைப் பார்க்கிறார்கள், இன்னும் எத்தனை வருடம் அதற்குக் கேம் வரும் என்று பார்ப்பதில்லை. கடையே மூடிவிடுவதும் உண்டு. நின்டெண்டோவின் 3டிஎஸ், வீ யு என்ற இரண்டு கன்சோல்களின் ஆன்லைன் கடையும் 2023 மார்ச்சில் மூடப்பட்டது. எக்ஸ்பாக்ஸ் 360 கடை 2024 ஜூலையில். அதற்குப் பிறகு அந்தப் பெட்டியை எவ்வளவு மலிவாக வாங்கினாலும், அந்தக் கடையில் புதிதாக ஒரு கேம்கூட வாங்க முடியாது.

அப்பா அந்த பி.எஸ்.4 விற்பவருக்கு என் எதிரிலேயே போன் போட்டார். ஸ்பீக்கரில் வைக்கச் சொன்னேன். பில் இருக்கிறதா? தொலைந்துவிட்டது. விளையாடும்போது ஃபேன் சத்தம் வருமா? "லைட்டா வரும் ப்ரோ." டிஸ்க் எடுக்குமா? எடுக்கும். கூடவே ஹார்ட் டிஸ்க்கில் நாற்பது கேம் இருக்கிறது, இலவசம் என்றார். எனக்கு அங்கேதான் பொறி தட்டியது. "நெட்ல கனெக்ட் பண்ணி, சாஃப்ட்வேர் அப்டேட் போட்டு, எங்க அக்கவுன்ட்ல லாகின் பண்ணிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அப்டேட் மட்டும் போட்டுடாதீங்க ப்ரோ."

ஜெயில்பிரேக் செய்த பெட்டி, அதாவது நிறுவனம் போட்ட சாஃப்ட்வேர் பூட்டை உடைத்தது. திருட்டு கேம் ஓடுவதற்காகவே சாஃப்ட்வேரைப் பழைய பதிப்பில் நிறுத்திவைத்திருக்கிறார்கள். அப்டேட் போட்டால் நாற்பது கேமும் போய்விடும். போடாவிட்டால் ஆன்லைனில் விளையாட முடியாது. இதில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. பி.எஸ்.4இன் உள்ளே காசு அளவில் ஒரு சின்ன பேட்டரி இருக்கிறது. அது தீர்ந்து, நெட்டும் இல்லாமல் போனால் டிஸ்க் கேம்கூட ஓடாது என்ற குறை முன்பு இருந்தது. 2021 செப்டம்பரில் வந்த 9.00 அப்டேட்டில்தான் சரி செய்தார்கள். அதற்கும் முந்தைய பதிப்பில் நிறுத்திவைத்த பெட்டிக்கு அந்தக் குறை அப்படியே இருக்கும்.

பெட்டியை நேரில் பார்க்கும்போது சொந்த டிஸ்க் ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டுப் பாருங்கள். முதலில் வந்த பி.எஸ்.4களில் டிஸ்க் டிரைவில் இருக்கும் சின்ன போர்டு அந்தப் பெட்டியின் மதர்போர்டோடு ஜோடி சேர்க்கப்பட்டது, வேறு பெட்டியிலிருந்து கழற்றி மாட்டினால் வேலை செய்யாது. டிவியோடு இணைக்கும் எச்டிஎம்ஐ வயரைச் செருகி லேசாக ஆட்டிப் பாருங்கள், என்னிடம் அதிகம் வரும் பழுது அதுதான். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு கேமில் ஆள் தானாக நடக்கிறானா என்று கவனியுங்கள். குறைந்தது அரை மணி நேரம் கனமான கேம் ஒன்றை ஓடவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் எல்லாப் பெட்டியும் நல்ல பெட்டிதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மகனும் வேறொரு பி.எஸ்.4 ஸ்லிம்மோடு வந்தார்கள். பில் இருந்தது. அப்டேட் போட்டோம், பையன் அக்கவுன்டில் லாகின் ஆனது. பத்து நிமிடம் போனதும் ஃபேன் விமானம் கிளம்புகிற மாதிரிக் கத்த ஆரம்பித்தது. திறந்தேன். ஹீட்சிங்க்கில் தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது, சிப்பின் சூட்டை ஹீட்சிங்க்குக்குக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து உதிர்ந்தது. நடுவில் ஒரு குட்டிக் கரப்பான்பூச்சி.

"இதுக்கு எவ்வளவு சார் ஆகும்?" என்றார் அப்பா.

"ஆயிரத்துக்குள்ள முடிச்சுடலாம் சார். விக்கிறவர்கிட்ட அதைக் கழிச்சுக் கேளுங்க."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். பையன் என் பக்கத்தில் நின்று, நான் தூசி ஊதுவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.