தொட்டிக்குள் ஒரு பவளப்பாறை: எந்த வேலை எப்போது, ஏன்?

சிங்கப்பூரில் எங்கள் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டின் வரவேற்பறையில் 200 லிட்டர் கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. அதில் இரண்டு கோமாளி மீன்கள், ஒரு கோபி மீன், பாசி மேயும் நத்தைகள் சில. மற்றதெல்லாம் பவளம். வீட்டுக்கு வருகிறவர்கள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "வாரம் ஒரு தடவை தண்ணி மாத்தினா போதும்தானே?" என்று கேட்பார்கள். நன்னீர்த் தொட்டி வைத்துப் பழகியவர்களிடம் இருந்துதான் இந்தக் கேள்வி அதிகம் வரும்.

போதாது. அதே சமயம், நாள் முழுக்கத் தொட்டியோடு மல்லுக்கட்டவும் வேண்டாம். தொட்டிக்குள் நடக்கும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஒரு வேகம் உண்டு. உப்பு சில நாட்களில் விலகிவிடும், காரத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட்டின் அளவு, வாரத்துக்குள் சரியும், கழிவிலிருந்து வரும் நைட்ரேட் மாதக்கணக்கில் ஏறும். அந்த வேகங்களைப் புரிந்துகொண்டால் எந்த வேலையை எப்போது செய்வது என்று தானாகவே தெரிந்துவிடும்.

முதலில் உப்பு. பவளங்கள் பழகிய கடல்நீரில் ஒரு கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு இருக்கும். எங்கள் தொட்டியிலிருந்து நாளுக்கு ஏறத்தாழ 3 லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. ஆவியாவது தண்ணீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடுகிறது. நான்கு நாள் கவனிக்காமல் விட்டால் 200 லிட்டர் 188 ஆகும், உப்பளவு 35லிருந்து 37ஐத் தாண்டும். பெருங்கடலுக்கு இந்தக் கவலை இல்லை. ஆவியாவதை மழையும் ஆறும் ஈடுகட்டுகின்றன, அத்தோடு அதன் கொள்ளளவுக்கு முன் எந்த மாற்றமும் சிறியது. தொட்டிக்கு அந்தக் கொள்ளளவு இல்லை. ஆகவே மழை செய்யும் வேலையை நாம் செய்கிறோம்: தினமும், உப்பில்லாத நன்னீர் ஊற்றுகிறோம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் சிலர் ஆவியான அளவுக்கு உப்புத் தண்ணீரையே ஊற்றிவிடுவார்கள். அப்போது நாளுக்கு நாள் உப்பு கூடிக்கொண்டே போகும்.

ஊற்றும் நீரும் முக்கியம். இங்கே குழாய்த் தண்ணீர் குடிக்க நல்ல தண்ணீர்தான். ஆனால் கிருமிநீக்கத்துக்காக அதில் குளோரமின் இருக்கிறது, அது மீனுக்கும் நுண்ணுயிர்களுக்கும் ஆகாது. கரித்தூள் வடிகட்டி, ஆர்ஓ சவ்வு, அதற்கப்புறம் அயனி உறிஞ்சும் பிசின் என்று மூன்றையும் தாண்டி, கரைபொருள் மீட்டரில் 0 காட்டும் தண்ணீரைத்தான் ஊற்றுகிறேன். மீட்டர் 0லிருந்து நகர ஆரம்பித்தால் பிசின் தீர்ந்துவிட்டது என்று பொருள்.

தினமும் ஊற்றச் சலிப்பாக இருக்கிறது என்று மிதவை வைத்த தானியங்கிக் கருவி வாங்குவது நல்ல யோசனைதான். ஆனால் மிதவை என்றாவது ஒருநாள் சிக்கிக்கொள்ளும் என்று எண்ணியே அதைப் பொருத்த வேண்டும். என் கருவிக்குப் பின்னால் இருக்கும் வாளி 15 லிட்டர்தான். மிதவை சிக்கி அத்தனையும் கொட்டினாலும் உப்பளவு 32.5க்கு அருகில் நின்றுவிடும். அதைப் பவளங்கள் தாங்கும். 60 லிட்டர் வாளி வைத்திருந்தால் தாங்காது.

ஆவியாவதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரு லிட்டர் நீர் ஆவியாக ஏறக்குறைய 2,400 கிலோஜூல் வெப்பம் தேவை, அதைத் தொட்டியிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. 3 லிட்டர் என்றால் இரண்டு யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் வெளியேறுகிறது. நீர்ப்பரப்பின் மேல் ஒரு சின்ன மின்விசிறி வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறைவது இதனால்தான். காற்றில் ஈரம் மிகுந்த ஊரில் இதற்கு எல்லை உண்டு. பகலில் அறை 31 டிகிரியைத் தொடும்போது தொட்டியை 26இல் நிறுத்தக் குளிர்விப்பான் இல்லாமல் முடிவதில்லை. பவளம் வழக்கமான கோடை உச்சத்துக்கு மேல் ஒரு டிகிரி கூடி, அது சில வாரங்கள் நீடித்தாலே வெளுக்கத் தொடங்கும் உயிர். காலையில் எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது வெப்பமானியைத்தான்.

அடுத்தது காரத்தன்மை. இந்தத் தொட்டியின் இதயம் என்று எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன்.

அக்ரோபோரா போன்ற கல் பவளம் தன் எலும்புக்கூட்டைத் தண்ணீரிலிருந்தே கட்டுகிறது. கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் எடுத்துச் சேர்த்துச் சுண்ணாம்புக் கல்லாக்குகிறது. பவளத்தின் திசுவுக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியில் உணவு தயாரித்துக் கொடுப்பதால், கட்டும் வேலை பகலில்தான் வேகமாக நடக்கும். வளரும் பவளம் நிறைந்த என் தொட்டியில் காரத்தன்மை நாளுக்கு 0.5 டிகேஎச் (dKH, காரத்தன்மையை அளக்கும் அலகு) குறைகிறது. கேட்கச் சின்ன எண்ணாகத் தெரியும். கணக்குப் போட்டால் நாளுக்கு 1.8 கிராம் சுண்ணாம்புக் கல். ஓர் ஆண்டுக்கு அரைக் கிலோவுக்கும் மேல். தண்ணீரில் கரைந்திருந்தது அத்தனையும் கண்ணெதிரே கல்லாக நிற்கிறது. முதன்முதலில் இந்தக் கணக்கைப் போட்ட அன்று, விளக்கு அணைந்த பிறகும் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

இப்போது முக்கியமான விஷயம். கல்லாகும்போது இரண்டு பொருளும் எப்போதும் ஒரே விகிதத்தில் செலவாகின்றன: காரத்தன்மை 2.8 டிகேஎச் குறைந்தால் கால்சியம் லிட்டருக்கு 20 மில்லிகிராம் குறையும். ஆனால் இருப்பு ஒன்றுபோல் இல்லை. கால்சியம் சுமார் 420 இருக்கிறது, காரத்தன்மையோ 8தான். ஆகவே ஒரு வாரம் எதுவும் சேர்க்காமல் விட்டால் கால்சியம் 420லிருந்து 395க்கு வரும். அது வீட்டுப் பரிசோதனைப் பெட்டியின் பிழைக்குள்ளேயே பாதி மறைந்துவிடும். அதே வாரத்தில் காரத்தன்மை 8லிருந்து 4.5க்கு இறங்கப் பார்க்கும், பவளம் வளர்ச்சியை நிறுத்திவிடும். செலவு ஒன்றுதான், ஆனால் ஒரு பானை நிறைய இருக்கிறது, இன்னொன்றில் அடிமட்டம் தெரிகிறது. அதனால்தான் காரத்தன்மையை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அளக்கிறோம், கால்சியத்தை இரு வாரத்துக்கு ஒருமுறை. மெக்னீசியம் 1,300 அளவில் இருக்கிறது, மிக மெதுவாகக் குறையும். அதற்கு மாதம் ஒருமுறை போதும். ஆனாலும் மறந்துவிடக் கூடாது, கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்கு வெளியே, தண்ணீரிலேயே படிந்துவிடாமல் தடுப்பது மெக்னீசியம்தான்.

குறைந்ததை ஈடுகட்டப் பல வழிகள் உண்டு. எனக்குப் பிடித்தது மிகப் பழைய வழி. ஜெர்மன்காரர்கள் அதைக் கால்க்வாசர் என்பார்கள். வேறொன்றுமில்லை, நம் சுண்ணாம்புத் தெளிநீர்தான். சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவிட்டு, மேலே நிற்கும் தெளிந்த நீரை மட்டும் எடுத்துத் தொட்டியில் சொட்டுச் சொட்டாக விடுவது. அதில் கால்சியமும் காரத்தன்மையும் பவளம் செலவழிக்கும் அதே விகிதத்தில் இருக்கின்றன. என் தொட்டியின் அன்றாடச் செலவுக்கு 1.3 கிராம் சுண்ணாம்பு போதும், ஆவியாவதை நிரப்பும் 3 லிட்டர் நன்னீரிலேயே கரைத்துவிடலாம். வெற்றிலைக்குத் தடவுவதும் இதே வேதிப்பொருள்தான். ஆனால் அதில் வேறு என்ன கலந்திருக்கிறது என்று தெரியாததால் தொட்டிக்கென்று விற்கும் தூய தூளையே வாங்குங்கள். நிறைசெறிவுள்ள தெளிநீரின் பிஎச் 12க்கு மேல். ஆகவே அவசரமாக ஊற்றினால் ஆபத்து.

நான் அதை இரவில்தான் விடுகிறேன். அதற்கும் காரணம் இருக்கிறது. விளக்கு அணைந்ததும் ஒளிச்சேர்க்கை நின்றுவிடும், மூச்சு விடுவது நிற்காது. கரியமில வாயு சேர்ந்து பிஎச் இறங்கும், விடியற்காலையில் மிகக் குறைவாக இருக்கும். சுண்ணாம்பு நீர் அந்தக் கரியமில வாயுவைப் பிடித்துப் பைகார்பனேட்டாக மாற்றிவிடுகிறது. ஜன்னலைச் சாத்தி ஏசி போட்டு நாலு பேர் உட்கார்ந்திருக்கும் அறையிலும் பிஎச் இறங்கும். நம் மூச்சுக்காற்று தொட்டி வரை போகிறது! எனவே எதை அளந்தாலும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். நான் இரவு எட்டு மணிக்கு அளக்கிறேன்.

இரண்டாண்டுகளுக்கு முன் ஒரு பயணம் முடிந்து திரும்பியபோது, தெளிநீர் சொட்டும் குழாய் படிவால் அடைத்துப் போயிருந்தது. காரத்தன்மை 8.2லிருந்து 5.3க்கு வந்திருந்தது. பதறிப்போய் அன்றிரவே மொத்தத்தையும் ஈடுகட்டினேன். இரண்டு நாளில் அக்ரோபோராவின் கிளை நுனிகள் வெளுத்தன, அடியிலிருந்து திசு உரிந்தது. குறைவு மெதுவாக வந்தது, பவளம் அதைத் தாங்கிக்கொண்டது. நான் செய்த அவசரத்தைத்தான் அது தாங்கவில்லை. இப்போது நாளுக்கு 1 டிகேஎச்சுக்கு மேல் எந்தக் காரணத்துக்காகவும் ஏற்றுவதில்லை. 8ஆ 9ஆ என்பது பெரிய கேள்வியே இல்லை, நேற்று இருந்ததுபோல் இன்றும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சரி, கழிவுக்கு வருவோம். மீன் கழிவிலிருந்து அமோனியா வருகிறது. கடல்நீரின் பிஎச் 8.2இல், நடுநிலை நீரில் இருப்பதைவிடப் பத்து மடங்குக்கும் மேல் அமோனியா நச்சு வடிவில் இருக்கும். அதனால்தான் தினமும் மீன்களை எண்ணுகிறேன். ஒன்று குறைந்தால் தேடி எடுத்துவிட வேண்டும். மற்ற நாட்களில் அமோனியாவை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் வேலையைப் பாறையில் வாழும் நுண்ணுயிர்கள் பார்த்துக்கொள்கின்றன. இந்த உயிர்ப்பாறையின் அருமையை முதலில் எழுதிக் காட்டியவர்களில் ஒருவர் நமக்குப் பக்கத்தில், ஜகார்த்தாவில் வாழ்ந்த லீ சின் எங். கடலிலிருந்து எடுத்த பாறையும் காற்றுக்குமிழ்களும் கொண்டே அவர் கடல் தொட்டிகளைப் பராமரித்ததைப் பற்றிய கட்டுரை 1961இல் வெளியானது.

நைட்ரேட்டைக் குறைக்கத் தண்ணீர் மாற்றுகிறோம். இதில் பலர் நினைக்காத ஒரு கணக்கு இருக்கிறது. வாரத்துக்கு நைட்ரேட் லிட்டருக்கு 4 மில்லிகிராம் ஏறுகிறது, வாரம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் ஒரு பங்குதான் வெளியேறுகிறது என்பதால், நைட்ரேட் 40ஐத் தொடும்போதுதான் வெளியேறுவதும் 4 ஆகும். எவ்வளவு சுத்தமான தண்ணீரில் தொடங்கினாலும் கடைசியில் அங்கேதான் போய் நிற்கும். தண்ணீர் மாற்றுவதால் மட்டும் அதிகத் தீனியின் விளைவை வெல்ல முடியாது. அழுகுவதற்கு முன்பே கழிவை வெளியே எடுத்தாக வேண்டும்.

அதற்குத்தான் ஸ்கிம்மர். கடற்கரையில் அலை விட்டுச்செல்லும் நுரையைப் பார்த்திருப்பீர்கள். புரதமும் கொழுப்பும் குமிழின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்வதால் வரும் நுரை அது. ஸ்கிம்மர் அதையே ஒரு குழாய்க்குள் செய்கிறது. உப்பு நீரில் குமிழ்கள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாவதில்லை, பொடியாகவே நிற்கும், ஆகவே ஒட்ட இடம் அதிகம். நுரை ஏறும் கழுத்துப் பகுதியில் எண்ணெய்ப் பிசுக்குப் படிந்தால் குமிழ் அங்கேயே உடைந்து திரும்பிவிடும். கழுத்தை மூன்று நாளுக்கு ஒருமுறை துடைப்பது அதற்காகத்தான். வடிகட்டித் துணிப்பையும் அப்படியே. அதில் சிக்கிய கழிவு மூன்று நான்கு நாளில் கரைந்து மறுபடி தண்ணீருக்கே வந்துவிடும்.

நைட்ரேட்டைப் பூஜ்யமாக்கவும் முயல வேண்டாம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் அடியோடு இல்லாத தொட்டியில் பவளம் வெளிறும், பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று டைனோ பாசி படரும். அதை விரட்டுவது பெரும் பாடு.

மீதி வேலைகள் எளியவை. கண்ணாடியை இரண்டு நாளுக்கு ஒருமுறை காந்தத் துடைப்பானால் துடைக்க வேண்டும், இடையில் மணல் சிக்கினால் கீறல் விழும். கரித்தூளை மாதம் ஒருமுறை மாற்ற வேண்டும். அலை உண்டாக்கும் பம்புகளில் சுண்ணாம்பு படிந்து ஓட்டம் குறைவதால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை கழற்றி, தண்ணீர் கலந்த வினிகரில் ஊறவைக்கிறேன். உப்பளவு பார்க்கும் ரிஃப்ராக்டோமீட்டரை வெறும் தண்ணீரில் சரிபார்க்காமல் 35 அளவுள்ள கரைசலில் சரிபாருங்கள், நமக்குத் துல்லியம் தேவைப்படுவது அங்கேதான்.

பாறையைத் தேய்ப்பதில் மட்டும் எச்சரிக்கை தேவை. பவளத்தின் உறவினங்களான, பூப்பூவாக அழகாகப் பரவும் பேலித்தோவா, சோவாந்தஸ் வகைகள் சிலவற்றில் பேலிடாக்சின் என்னும் கொடிய நச்சு இருக்கிறது. 1971இல் அதைப் பிரித்தெடுத்து விவரித்ததே ஹவாயில் கிடைத்த ஒரு பேலித்தோவாவிலிருந்துதான். அவை படர்ந்த பாறையைக் கொதிநீரில் போட்டு, ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் உண்டு. கையுறையும் கண்ணைக் காக்கும் கண்ணாடியும் இல்லாமல் தொடாதீர்கள். கொதிக்க வைக்கவே வேண்டாம்.

ஊருக்குப் போகும்போது பக்கத்து வீட்டு அக்காவிடம்தான் தொட்டியை ஒப்படைப்பேன். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே குழாய்களையும் பம்பையும் சுத்தம் செய்துவிடுவேன், முதல்நாள் எந்தப் புதுக் கருவியையும் மாட்டமாட்டேன். தீனியை ஒருநாளைக்கு ஒன்றாகச் சின்ன டப்பாக்களில் பிரித்துத் தேதி எழுதி வைத்துவிடுவேன். "பாவம், பசிக்குதுபோல" என்று இரண்டு டப்பா போட்டுவிடக் கூடாது என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுவேன். வாளியில் ஒரு கோடு போட்டிருக்கிறேன். தண்ணீர் அதற்குக் கீழே போனால் நன்னீர், வெப்பமானி 28ஐத் தாண்டினால் எனக்கு ஒரு போன். வேறு எதையும் அவர் தொட வேண்டியதில்லை.