பாலே வகுப்பில் சேர்க்கும் முன் தரையைத் தட்டிப் பாருங்கள்

சென்ற குளிர்காலத்தில் ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தியை அவளுடைய அம்மா என்னிடம் அழைத்து வந்தார். குதிகாலில் வலி. வகுப்பு முடிந்த அன்று இரவு நொண்டுகிறாள், பள்ளி மைதானத்தில் ஓட மறுக்கிறாள். நான் காலைத் தொடுவதற்குள் அம்மா பையைத் திறந்து ஒரு ஜோடி பாயின்ட் காலணியை மேசைமேல் வைத்தார். விரல் நுனியில் எழும்பி ஆடுவார்களே, அந்தக் காலணி. “மற்ற இடங்களில் இந்த வயதில் தரமாட்டார்களாம் அக்கா. எங்கள் டீச்சர் இப்போதே கொடுத்துவிட்டார்.” குரலில் பெருமை.

வடமேற்கு லண்டனில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். ஹாரோ, வெம்பிளிப் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளைகள் பலர் வருவார்கள். சனிக்கிழமை காலையில் பாலே, மதியம் தமிழ்ப் பள்ளி, ஞாயிறு பரதம் என்று பெற்றோரின் கார் ஓயாமல் ஓடும். வகுப்பை எப்படித் தேர்ந்தெடுத்தீர்கள் என்று கேட்டால் பெரும்பாலும் ஒரே பதில்தான்: வீட்டுக்குப் பக்கம், ஆண்டு விழா பிரமாதம்.

அந்தச் சிறுமியின் வலிக்குக் காலணியை மட்டும் குறை சொல்ல முடியாது. வளரும் வயதில் குதிகால் எலும்பின் பின்புறம் இன்னும் முற்றாத குருத்தெலும்புத் தட்டு ஒன்று உண்டு. கெண்டைக்கால் தசைநார் அதைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருக்கும். எலும்பு வேகமாக வளரும் மாதங்களில் அந்த இழுப்பு கூடும். அதன்மேல் ஒரு மணி நேரம் குதித்தால் புண்ணாகிவிடும். எந்தத் தரையில் குதிக்கிறாள் என்று விசாரித்தேன். வாடகைக் கூடம், சிமென்ட் தரை, மேலே மெல்லிய வினைல் விரிப்பு. பளபளவென்று இருக்குமாம்.

நடனத்துக்கான தரை வேறு. மரப்பலகைக்கு அடியில் சட்டமோ மெத்தையோ கொடுத்து, குதித்து இறங்கும்போது சற்றே அமுங்கும்படி அமைத்திருப்பார்கள். வினைல் விரிப்பு வழுக்காமல் இருப்பதற்கு மட்டும்தான்; அதிர்ச்சியை அது வாங்காது. வகுப்பு பார்க்கப் போகும்போது கூச்சப்படாமல் குதிகாலால் தரையை ஒரு தட்டு தட்டிப் பாருங்கள். மரத்தரை லேசாக அதிர்ந்து பதில் சொல்லும், கான்கிரீட் ஊமையாக இருக்கும். நான் இப்படித் தட்டி, வரவேற்பில் இருந்த பெண்ணின் முறைப்பை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். பரவாயில்லை.

அடுத்து, பலருக்குத் தெரியாத ஒன்று. இங்கிலாந்தில் நடனப் பள்ளி தொடங்க உரிமமோ தகுதிச் சான்றோ சட்டப்படி தேவையில்லை. நாளைக்கே நான் ஒரு பலகை மாட்டலாம். 1904இல் தொடங்கிய இம்பீரியல் சொசைட்டி ஆஃப் டீச்சர்ஸ் ஆஃப் டான்சிங், 1920இல் தொடங்கிய ராயல் அகாடமி ஆஃப் டான்ஸ் போன்ற அமைப்புகள் ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தகுதியும் தருகின்றன. சுவரில் அவற்றின் சின்னம் இருந்தால் போதாது. பாடத்திட்டத்தைக் கற்பிப்பது வேறு, அந்த அமைப்பில் பதிவுபெற்ற ஆசிரியராக இருப்பது வேறு. பெயரைக் கேட்டு நீங்களே சரிபாருங்கள். பிள்ளைகளோடு பணிபுரிவோருக்கான டி.பி.எஸ். குற்றப்பின்னணிச் சோதனையையும் கேளுங்கள், உதவிக்கு வரும் இளைஞர்களுக்கும் சேர்த்து. நல்ல பள்ளியில் இந்தக் கேள்விக்கு யாரும் முகம் சுளிப்பதில்லை.

சான்றெல்லாம் சரியாக இருந்தாலும் ஒரு வகுப்பை முழுதாகப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். பெற்றோர் எந்த நாளிலும் பார்க்கக்கூடாது என்று சொல்லும் இடத்தை நான் பரிந்துரைப்பதில்லை. உட்கார்ந்து பிள்ளைகளின் பாதத்தையும் முழங்காலையும் பாருங்கள். பாலேயில் கால்களை வெளிப்பக்கம் திருப்பி நிற்பார்கள். அந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வரவேண்டும். எவ்வளவு திரும்பும் என்பது பெரும்பாலும் எலும்பின் அமைப்பைப் பொறுத்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வேறுபடும். பாதத்தைத் தரையில் அழுத்தி வலிந்து திருப்பினால் உள்வளைவு சரியும், முழங்கால் முறுகும். அரைமண்டியில் முழங்கால் பாதத்தின் திசையிலேயே போகிறதா என்று நல்ல பரத ஆசிரியர் பார்ப்பாரே, அதே கணக்குதான். “பாதத்தை இன்னும் திருப்பு” என்று மட்டும் சொல்லும் ஆசிரியர் ஒருவகை. “இடுப்பிலிருந்து திருப்பு, முடிந்த அளவு போதும்” என்று சொல்பவர் வேறுவகை. உங்கள் பிள்ளைக்கு இரண்டாமவர் வேண்டும்.

ரப்பர் மாதிரி வளையும் பிள்ளைகளைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம். கட்டைவிரல் முன்கையைத் தொடும், முழங்கை பின்னால் வளையும். உறவினர் வியப்பார்கள், ஆசிரியர் முன்வரிசையில் நிறுத்துவார். தளர்ந்த மூட்டுக்குத் தேவை பலம். மேலும் இழுப்பது அல்ல. கால்களை விரித்து உட்கார்ந்த பிள்ளையின் தோளையோ தொடையையோ ஆசிரியர் அழுத்துவதைக் கண்டால் அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.

இனி அந்தக் காலணி. நடன மருத்துவ வட்டாரத்தில் பொதுவாகச் சொல்லப்படுவது, சுமார் 12 வயதுக்கு முன் வேண்டாம் என்பது. ராயல் அகாடமியின் பாடத்திட்டத்திலும் பாயின்ட் பயிற்சி இடம்பெறும் இண்டர்மீடியட் ஃபவுண்டேஷன் தேர்வுக்குக் குறைந்தபட்ச வயது 11. வயது வந்துவிட்டால் மட்டும் போதாது. நான் ஒரு பென்சிலை எடுத்துக்கொள்வேன். பாதத்தை நீட்டச் சொல்லி, கணுக்காலின் மேற்புறத்தில் அதைக் குறுக்காக அல்ல, நீளவாக்கில் வைப்பேன். முழங்காலுக்குக் கீழுள்ள காலின் முன்பக்கமும் பாதமும் ஒரே கோட்டுக்கு வந்து பென்சில் தட்டையாகப் படுத்தால் கணுக்கால் போதிய அளவு நீள்கிறது. பிறகு ஒற்றைக் காலில், முழங்கால் மடங்காமல், இருபது தடவை குதிகாலை உயர்த்தச் சொல்வேன். பல பிள்ளைகள் பன்னிரண்டாவதில் மேசையைப் பிடித்துக்கொள்வார்கள். வாரத்துக்கு ஒரே வகுப்புக்குப் போகும் பிள்ளைக்கு இந்தப் பேச்சே வேண்டியதில்லை. “எப்போது பாயின்ட் காலணி தருவீர்கள்?” என்று பள்ளியில் கேளுங்கள். வகுப்பே மொத்தமாக ஒரே நாளில் மாறும் என்று பதில் வந்தால் யோசியுங்கள். ஒவ்வொருவராகப் பார்த்துத்தான் சொல்வேன் என்பவரை நம்பலாம்.

உடல் எடையைப் பற்றி வகுப்பில் பேசுகிறார்களா என்று பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டுக்கொண்டே இருங்கள். பருவமடையும் வயதில் சாப்பாட்டைக் குறைத்தால் மாதவிடாய் தள்ளிப்போகும், எலும்பு பலவீனமாகும். திரும்பத் திரும்ப விழும் அழுத்தத்தில் எலும்பில் நுண்ணிய விரிசல் விழுவது இப்படியும்தான். காலுறை இளஞ்சிவப்புதான் வேண்டும் என்பார்களா என்பதையும் கேட்கலாம். கறுப்பின, ஆசிய நடனக் கலைஞர்களின் ‘பாலே பிளாக்’ குழுவோடு சேர்ந்து, நடனக் காலணி செய்யும் ஃப்ரீட் நிறுவனம் பழுப்பு நிறப் பாயின்ட் காலணி கொண்டுவந்தது 2018இல்தான். நம் நிறத்துக் காலணி கடையில் கிடைக்கும்போது பிள்ளை மட்டும் ஏன் வேறு நிறத்துக் காலோடு நிற்கவேண்டும்?

கட்டணம் கேட்கும்போது உடை, தேர்வு, ஆண்டு விழா டிக்கெட் எல்லாவற்றையும் சேர்த்தே கேளுங்கள்.

அந்தச் சிறுமிக்குக் குதிப்பதை ஆறு வாரம் நிறுத்தினோம், கெண்டைக்காலுக்குப் பயிற்சி கொடுத்தோம். அம்மா பள்ளியை மாற்றினார். புது ஆசிரியை அவள் பாதத்தைப் பார்த்துவிட்டு, இன்னும் இரண்டு மூன்று ஆண்டு போகட்டும் என்றாராம். பிள்ளை இரண்டு நாள் அவரோடு கோபம். பழைய காலணி அவள் அறைக் கதவின் கொக்கியில் தொங்குகிறது. போன வாரம் ஆசைக்குப் போட்டுப் பார்த்திருக்கிறாள். குதிகால் உள்ளே போகவில்லை.