ஹைப்போதெர்மியா: உடல்வெப்பத் தாழ்வு

உடலின் உள்வெப்பம் இயல்பான அளவுக்குக் கீழே இறங்கிவிடும் நிலையே ஹைப்போதெர்மியா. மனிதருக்கு 35 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் இப்பெயரால் குறிப்பர். கிரேக்கத்தில் ‘ஹைப்போ’ என்பது கீழ், ‘தெர்மே’ என்பது வெப்பம். தெர்மாமீட்டரில் இருப்பதும் இதே தெர்மேதான்.

மயக்கமூட்டி எம்.ஆர்.ஐ. (வலிய காந்தத்தின் உதவியால் உடலின் உட்புறத்தைப் படமெடுக்கும் முறை) எடுக்கப்படும் ஆய்வுக்கூடச் சுண்டெலிக்கு இந்நிலை மிக விரைவில் வந்துவிடுகிறது. இருபது, முப்பது கிராமே எடையுள்ள அந்த உயிருக்கு எடையை நோக்கத் தோலின் பரப்பு மிகுதி. ஐசோஃபுளூரேன் என்னும் மயக்க வளியைச் சுவாசிக்கத் தொடங்கியதும் மூளையின் வெப்பச் சீராக்கம் மட்டுப்படுகிறது, நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளவும் முடிவதில்லை, தோலருகே இரத்தக் குழாய்கள் விரிந்து வெப்பம் வெளியேறுகிறது. இதயத் துடிப்பும் மூச்சும் மந்தமாகி, இரத்த ஓட்டம் மாறிவிடுவதால், படத்தில் தெரிவது நோயின் விளைவா குளிரின் விளைவா என்று பிரித்தறிய இயலாது. விலங்கு இறந்துவிடவும் கூடும்.

சாதாரண மின்சூட்டுத் திண்டை எம்.ஆர்.ஐ. காந்தத்துக்குள் வைக்க முடியாது: இரும்பு இழுபடும், மின்னோட்டம் படத்தைக் கெடுக்கும். ஆகவே விலங்கைக் கிடத்தும் படுகையின் அடியில் குழாய் வழியே வெந்நீரை ஓடவிடுவர், அல்லது வெதுவெதுப்பான காற்றை ஊதுவர். மலக்குடலில் செருகிய ஒளியிழை வெப்பவுணரி 37 பாகையை ஒட்டிக் காட்டும்படி சூட்டைக் கூட்டிக் குறைப்பர். ஓடும் நீரின் ஹைட்ரஜனும் சைகை தருவதால் படத்தில் போலி உருவங்கள் விழக்கூடும் என்பது வெந்நீர் முறையின் குறை.

ஹைப்போதெர்மியாவுக்குத் தமிழில் ‘தாழ்வெப்பநிலை’ என்று எழுதுவது இந்த இடத்தில் பொருந்தாது. இதே எம்.ஆர்.ஐ. கருவியின் மீகடத்திக் காந்தம் (கடுங்குளிரில் மின்தடையின்றி இயங்குவது) ஏறத்தாழ −269 பாகையில் திரவ ஹீலியத்தில் அமிழ்ந்திருக்கிறது. இயற்பியலில் தாழ்வெப்பநிலை என்பது அதைத்தான் குறிக்கும். ‘உடம்பு சில்லிட்டுப் போதல்’ என்னும் வழக்கு அழகானது, ஆனால் அது தோலைத் தொட்டறிவது. மயக்கத்தின் தொடக்கத்திலோ உள்வெப்பம் தோலுக்குப் பரவுவதால், தோல் கதகதப்பாக இருக்கும்போதே உள்ளே வெப்பம் இறங்கத் தொடங்கியிருக்கும். எனவே ‘உடல்வெப்பத் தாழ்வு’ என்பதே தக்கது. இதற்கு எதிரான ‘ஹைப்பர்தெர்மியா’வை ‘உடல்வெப்ப மிகை’ எனலாம்; ஓரிரு எழுத்துப் பிழையில் பொருள் தலைகீழாகும் இடரும் நீங்கும்.

சொல்லாட்சி: ‘படமெடுத்து முடிந்த பின்னும், உடல்வெப்பத் தாழ்வு நேராதபடி, மயக்கம் தெளிந்து நடமாடும்வரை சுண்டெலியை வெதுவெதுப்பான கூண்டில் வைத்துக் கவனிக்க வேண்டும்.’