அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே புரொசசர்: பாகம் பிரிக்க முன் பார்க்க வேண்டியவை

"அண்ணை, நானும் தம்பியும் ஒரே கொம்பியூட்டரில விளையாடப் போறம். எத்தனை கோர் வேணும்?" போன மாதம் யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் உள்ள என் சின்னக் கடைக்கு வந்த இருவரில் மூத்தவர் கேட்டது இது. கூட வந்த அம்மாவின் கணக்கு வேறு: "ஒரு பெட்டி, ஒரு பவர் சப்ளை காணும்தானே தம்பி? கனடாவில இருக்கிற மாமா ஒருக்காத்தான் காசு அனுப்புவார்."

செய்யலாம். அடியில் புரொக்ஸ்மொக்ஸ் போன்ற லினக்ஸ் இயங்குதளம் ஒன்றை ஏற்றி, அதன்மேல் இரண்டு விண்டோஸ் மெய்நிகர் கணினிகளை (ஒரே பெட்டிக்குள் மென்பொருளால் உருவாக்கும் தனிக் கணினிகளை) ஓட்டி, ஆளுக்கொரு கிராபிக்ஸ் காட்டை நேரடியாக ஒப்படைத்துவிட்டால் போதும். திரை, கீபோட், மவுஸ் எல்லாம் தனித்தனி. ஆனால் கோரைப் பற்றி (புரொசசருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிதான் கோர்) கதைக்க முன் நான் கேட்பது, என்ன கேம் என்றுதான். வலொரன்ட் என்றால் அங்கேயே நிறுத்திவிடுவேன். அதன் வான்கார்ட் என்ற ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள் மெய்நிகர் கணினிக்குள் விளையாட விடாது. அதை ஏய்க்க வழி சொல்லும் காணொளிகள் உண்டு. கணக்கு முடக்கப்பட்டால் என்னிடம்தான் சண்டைக்கு வருவார்கள் என்பதால் அந்த வேலையில் நான் கை வைப்பதில்லை. "கார் ரேஸும் கிரிக்கெட்டும்தான்" என்று மூத்தவர் இருவருக்குமாகச் சொன்னார். சரி, மேலே போனோம்.

எங்கள் ஊர்க் காணி உறுதிகளில் கிணற்றில் எத்தனை பங்கு, வழி வாய்க்கால் யாருக்கு என்றெல்லாம் எழுதியிருக்கும். புரொசசரையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அறை, அதாவது கோர், எத்தனை என்பது பிறகு. எந்தக் கிணற்றில், அதாவது எந்தக் கேஷ் நினைவகத்தில், அள்ளுகிறார்கள் என்பது முதலில்.

இதை நான் படித்தது என் பிழையில்தான். முதன்முதலில் இப்படிச் செய்தது ரைசன் 7 3700எக்ஸ் புரொசசரில். 8 கோர், 16 த்ரெட் (ஒரு கோரில் ஒரே நேரத்தில் ஓடும் வேலை வரிசைகள், கோருக்கு இரண்டு). த்ரெட் 0 முதல் 7 வரை ஒருவருக்கு, 8 முதல் 15 வரை மற்றவருக்கு என்று கட்டிவிட்டேன். பார்க்க நேர்மையான பங்கு. ஆனால் ஒருவரின் கேமில் புதிய இடம் திறக்கும் ஒவ்வொரு முறையும் மற்றவரின் திரை திக்கியது. காட்டை மாற்றினேன், ராமை மாற்றினேன், இரண்டு நாள் போனது. கடைசியில் லினக்ஸின் எல்எஸ்சிபியு கட்டளையைப் போட்டு அட்டவணையை வரி வரியாகப் பார்த்தால், 0உம் 8உம் ஒரே கோர். 1உம் 9உம் ஒரே கோர். எட்டு அறையிலும் இருவரையும் ஒன்றாகக் குடிவைத்திருக்கிறேன்!

அந்தச் சிப்பில் கோர்கள் நான்கு நான்காக இரண்டு கூட்டம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் 16 எம்பி எல்3 கேஷ் (கோர்கள் பகிர்ந்துகொள்ளும் வேகமான சிறு நினைவகம்) தனியாக உண்டு. கூட்டத்துக்கு ஒருவராக மாற்றிக் கட்டியதும் திக்கல் நின்றது. லினக்ஸுக்கும் பக்கத்துக்கு ஒரு கோர் விட வேண்டியிருந்ததால் ஆளுக்கு மூன்று கோர்தான் மிஞ்சியது. கனமான கேமுக்கு அது இறுக்கம்.

ஆகவே இப்போது கேட்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது ரைசன் 9 5900எக்ஸ். ஆறு ஆறு கோராக இரண்டு சில்லு, ஒவ்வொன்றிலும் 32 எம்பி கேஷ். பக்கத்துக்கு ஒன்றை லினக்ஸுக்கு விட்டாலும் ஆளுக்கு ஐந்து கோர், தனிக் கிணறு. 5800எக்ஸ் ஒருவர் விளையாட மிக நல்ல சிப்; இருவர் என்றால் எட்டுக் கோரும் ஒரே கிணற்றில்தான் அள்ள வேண்டும். 7950எக்ஸ்3டி பற்றிக் கேட்பவர்களும் உண்டு. அதில் ஒரு பக்கம் 96 எம்பி, மறுபக்கம் 32. சகோதரர்களுக்கு அதை விற்கிறவனுக்குத்தான் பாவம். இன்டெல் பக்கம் ஐ7-12700 பிடிக்கும்: வேகமான கோர் எட்டை நாலு நாலாகப் பிரித்துவிட்டு, சின்னக் கோர் நான்கையும் லினக்ஸுக்குக் கொடுத்துவிடலாம். கேஷ் மட்டும் பொது.

பாவித்த சாமான் வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஐ7-2600கே, 3770கே, 4770கே மூன்றிலும் காட்டை ஒப்படைக்கத் தேவையான விடி-டி வசதி இல்லை. கே இல்லாத 2600, 3770, 4770 இல் உண்டு. கூடக் காசு கொடுத்து கே வாங்கியவர் ஏமாந்து நிற்பார்.

அப்புறம் வழி வாய்க்கால். புரொசசரிலிருந்து கிராபிக்ஸ் காட்டுக்கு வரும் 16 பாதைகளை எட்டு எட்டாகப் பிரிக்கும் மதர்போட் வேண்டும். எக்ஸ்570 போட்கள் பலவற்றில் இது உண்டு. மலிவான பி450 போட்களில் இரண்டாவது காட் பொதுவாகச் சிப்செட் என்ற மதர்போட்டின் துணைச் சிப் வழியாகவே போகும். அங்கே அது நெட்வேர்க், சாட்டா (ஹாட்டிஸ்க் இணைப்பு) எல்லாவற்றோடும் ஒரே ஐஓஎம்எம்யு குழுவில், அதாவது பிரித்துக் கொடுக்க முடியாத சாதனத் தொகுதியில், மாட்டிக்கொள்ளலாம். குழு முழுவதையும் ஒருவருக்கே கொடுக்க வேண்டும் என்பதால், காட்டைக் கொடுக்கப் போய் லினக்ஸின் நெட்வேர்க்கையும் கொடுத்துவிட்டு முழிப்போம்.

கரண்டையும் சொல்ல வேண்டும். 5900எக்ஸ் முழு வேகத்தில் 142 வாட் வரை இழுக்கும். ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் ஒன்று 125 வாட், அப்படி இரண்டு. 650 விஏ யூபிஎஸ் இதைத் தாங்காது. கரண்ட் போனால் ஒரே நேரத்தில் இரண்டு விண்டோஸும் விழும்.

இவ்வளவும் சொல்லி விலையை எழுதத் தொடங்கியபோதுதான், அதுவரை வாய் திறக்காமல் நின்ற இளையவர் மெதுவாகச் சொன்னார்: "அண்ணை, நான் கூடுதலா விளையாடுறது வலொரன்ட்." பேனையை மூடினேன். பாவித்த ஐ5-10400 பெட்டி இரண்டு தேடிக் கொடுத்தேன். வீட்டில் இரண்டு பெட்டி இருப்பதில் அம்மாவுக்கு இன்னும் மனக்குறைதான்.